சத்தமில்லாமல் முப்பத்தொன்று

வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்குப் பிறகுதான்
எங்களுக்கு உலகம் அழியும்.
அதற்குள் சுஹைல் கடையடைத்துக்
கல்லாவை எண்ணி முடிக்க வேண்டும்.
வெய் சியாங் நாயை நடத்திக் கூட்டிவர வேண்டும்.
நான் ஈசூனில், பதினோராம் மாடியில்,
துணி காயும் மூங்கில்களை உள்ளே இழுத்து
மழைக்குச் சன்னலைச் சாத்த வேண்டும்.

மேகவர்ணன்தான் கடைசி.
மகள் தூங்கிய பிறகே வருவான்.
ஏழு மாதம். பெயர் யாழிசை.
ஜாம்பிகளைவிடக் காது கூர்மை.

அன்றைக்குப் பேரங்காடியின் கார்நிறுத்துமிடம்.
நாலு பேருக்கும் சேர்த்துத் தோட்டா நாற்பது,
ஆளுக்கொரு கோடரி.
சுஹைலிடம் மட்டும் இரட்டைக் குழல் துப்பாக்கி;
மே மாதத்திலிருந்து தோளை விட்டு இறக்கவில்லை.
பக்கத்தில் போனாலே "தொடாத" என்பான்.
நிஜத்தில் கடைப்பக்கம் போனால்
காசு வாங்காமல் பிரியாணி கட்டித் தருபவன்.

"இருங்கடா, பாப்பா எந்திரிச்சுட்டா."

மேகவர்ணனின் உருவம்
இரண்டு வேன்களுக்கு நடுவே
தலையை லேசாகச் சாய்த்தபடி
மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு நின்றது.
ஆள் இறங்கிப்போன உடம்பு.
தனியே விட்டால் இரண்டு நிமிடம் தாங்காது.
மூன்று பேரும் அதற்கு முதுகைக் காட்டிச்
சுற்றி நின்றோம்.

முதல் உறுமல் கேட்டபோதுதான் நினைவு வந்தது:
அவன் ஹெட்செட் போன வாரமே உடைந்துவிட்டது.
இன்று ஸ்பீக்கர்.
நாங்கள் கத்தினாலும் துப்பாக்கி வெடித்தாலும்
பொங்கோலில் ஒரு தொட்டில் அதிரும்.
(முனகலும் உறுமலும் பரவாயில்லை,
கருவில் இருந்தபோதே அவளுக்குப் பழக்கம்.)

"சுடாத," என்றேன், மூச்சுக்காற்றில்.
"இடது பக்கம்," என்றான் சுஹைல், அதைவிட மெதுவாக.
சாமி அறையில் பேசுவதுபோல் பேசிக்கொண்டு
கோடரியால் வெட்டினோம்.
ஆறு. ஒன்பது. மதிலேறி இன்னும் நான்கு.
என் பத்து வருட விளையாட்டில்
இவ்வளவு மரியாதையாக யாரையும் கொன்றதில்லை.

அப்போது அவன் மைக் வழியே
அந்த வீடு கேட்டது.
மின்விசிறி. தட்டிக்கொடுக்கும் உள்ளங்கை.
பிறகு அவன் குரல், பாடுவதுபோல் இழுத்து இழுத்து:

"அழாதம்மா… அம்மா நைட் டூட்டி…
திங்கக்கிழமையிலேர்ந்து அப்பா வீட்லதான்…
அப்பாவோட பாஸை வாங்கிக்கிட்டாங்க…
எட்டு வருசத்த ஒரு அட்டப்பெட்டியில போட்டு குடுத்தாங்க…
அம்மாகிட்ட இன்னும் சொல்லல…
நீயும் சொல்லாத, என்ன?"

சுஹைலின் கோடரி பாதி வீச்சில் நின்றது.
அந்த இடைவெளியில் ஒன்று அவன் தோளைக் கடித்தது.
அவன் கத்தவில்லை.

வெய் சியாங்குக்குத் தமிழ் தெரியாது.
திரையின் ஓரத்தில் தட்டினான்:
என்ன சொல்கிறான்?
நான் விசைப்பலகையின் மேல் விரலை வைத்து
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
தாலாட்டு, என்று தட்டினேன்.
நல்ல ராகம், என்றான்.

பன்னிரண்டு நிமிடம் கழித்து
நின்ற உடம்புக்குள் ஆள் திரும்பி வந்தான்.
கழுத்து நிமிர்ந்தது. இரண்டு தரம் குதித்துப் பார்த்தான்.
"சாரிடா. எதாச்சும் வந்துச்சா?"
"ஒண்ணுமில்ல."
அவனைச் சுற்றி முப்பத்தொன்று கிடந்தன.

சுஹைலுக்குக் கட்டுப் போட
என் கடைசி மருந்துப்பெட்டியும் தீர்ந்தது.
வெய் சியாங், விடிவதற்குள் கூரைக்கு ஏறலாம் என்றான்.
யாரும் நகரவில்லை.

தரையில் ஏதோ விழும் ஓசை.
இரட்டைக் குழல் துப்பாக்கி,
மேகவர்ணனின் காலடியில்.

"நீ வச்சுக்க," என்றான் சுஹைல்.
"எனக்கு வெயிட்டா இருக்கு."

அந்த விளையாட்டில் எதற்கும் எடை கிடையாது.
மேகவர்ணன் வெகுநேரம் அதை எடுக்கவில்லை.
மைக்கில் மின்விசிறி மட்டும் சுற்றியது.
என் சன்னலுக்கு வெளியே மழை நின்றிருந்ததை
அப்போதுதான் கவனித்தேன்.

பிறகு கேட்டான்,
தூங்குகிற பிள்ளைக்குக் கேட்காத குரலில்:
"தோட்டா?"